பந்து கையில் இல்லாத நாலு பேர்

பள்ளிக் கூடைப்பந்து அணிக்குப் பயிற்சி கொடுத்த முதல் வருடம் என் பிள்ளைகளுக்கு ஏழு ‘பிளே’, அதாவது யார் எங்கே ஓட வேண்டும் என்று முன்கூட்டியே வரைந்த திட்டம், சொல்லிக் கொடுத்தேன். ஒவ்வொன்றுக்கும் ஒரு பூப் பெயர்: மல்லி, முல்லை, செம்பருத்தி என்று. நோட்டில் கலர் பேனாவால் அம்புக்குறி போட்டு, மனப்பாடம் செய்யவைத்து, மண்டலப் போட்டிக்கு அழைத்துப் போனேன். முதல் ஆட்டத்திலேயே 31-12 என்று தோற்றோம். எதிரணி ஜோன் போட்டு நின்றது, அதாவது ஆளைப் பின்தொடராமல் ஆளுக்கொரு இடத்தைக் காத்தது. என் பூக்கள் எல்லாம் ஆளுக்கு ஆள் தடுக்கும் அணியை மனதில் வைத்து வரைந்தவை. நான் கோட்டுக்கு வெளியே நின்று “முல்லை, முல்லை” என்று கத்தியதைக் கேட்ட ஒரு அம்மா, குழந்தை யாரோ தொலைந்துவிட்டது என்று நினைத்து என்னோடு சேர்ந்து தேடக் கிளம்பிவிட்டார்.

அன்று இரவு, ஒரு பெற்றோர் மொபைலில் எடுத்திருந்த வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். எந்த இடத்தில் நிறுத்தினாலும், பந்து வைத்திருப்பவளை ஒட்டியே மற்ற நாலு பேரும் நிற்கிறார்கள். ஒரு ஜமுக்காளம் விரித்தால் ஐந்து பேரும் அதில் உட்கார்ந்துவிடலாம். தடுக்கும் நேரத்திலும் அதே கதை. ஐந்து பேரும் பந்தையே பார்த்துக்கொண்டிருக்க, முதுகுக்குப் பின்னால் எதிராளி சாவகாசமாக நடந்து போய், கூடைக்கு வெகு அருகிலிருந்து லே-அப் போடுகிறாள்.

ஒரு சின்னக் கணக்கு. முழு ஆட்டம் 40 நிமிடம். களத்தில் பத்துப் பேர், பந்து ஒன்று. சரிசமமாகப் பங்கு போட்டால்கூட ஒருத்தி கையில் பந்து இருப்பது நாலே நிமிடம்தான். மிச்சம் 36 நிமிடம் அவள் வெறுங்கையோடு இருக்கிறாள். நாம் பயிற்சி கொடுப்பதோ பெரும்பாலும் அந்த நாலு நிமிடத்துக்கு. பூ நோட்டை அன்றைக்கே மூடினேன். அதன் பிறகு நான் சொல்லிக் கொடுப்பது எல்லாம் அந்த 36 நிமிடத்துக்குத்தான்.

என்னிடம் இருப்பது ஒரு சிமெண்ட் கோர்ட், ஆறாம் நம்பர் பந்து நாலு, 14 பெண்கள். காலை ஆறேகாலுக்கு ஆரம்பித்து ஏழரைக்கு முடிக்க வேண்டும். எட்டு மணிக்குப் பத்தாம் வகுப்புக்கு ஸ்பெஷல் கிளாஸ். ஒரு நிமிடம் தாமதமானாலும் கணக்கு மிஸ் என்னைத்தான் முறைப்பார். இந்த நிலைமையில் செய்து பார்த்தவற்றை எழுதுகிறேன். உள்ளரங்கமும் உதவிப் பயிற்சியாளரும் உள்ளவர்களுக்கு இதைவிட வசதி.

தாக்குதல்: முதலில் இடம்

மூன்று புள்ளிக் கோட்டுக்குச் சற்று வெளியே ஐந்து வட்டம் போடுங்கள். நான் கோலமாவில் போடுவேன். சுண்ணாம்பு கண்ணில் பட்டால் எரியும். நடு உச்சியில் ஒன்று, இரண்டு விங்கிலும் (உச்சிக்கும் மூலைக்கும் இடைப்பட்ட பக்கவாட்டு இடம்) ஒவ்வொன்று, இரண்டு மூலையிலும் ஒவ்வொன்று. சர்வதேச விதிப்படி அந்தக் கோடு ரிங்கிலிருந்து (கூடையின் வளையம்) 6.75 மீட்டர் தூரத்தில் இருக்கும். வட்டத்துக்கு வட்டம் ஏறக்குறைய ஐந்து மீட்டர் வரும். எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு இது அதிகம். பாஸ் பாதி வழியில் தொங்கும், தொங்கும் பாஸை எதிராளி லட்டு மாதிரி எடுத்துக்கொண்டு போவாள். அதனால் என் அளவுகோல் வேறு. அணியிலேயே கை பலம் குறைந்தவள் நெஞ்சு உயரத்தில் நேராக எவ்வளவு தூரம் பாஸ் போடுவாளோ, அதுதான் இடைவெளி. அது மூன்றரை மீட்டர் என்றால் மூன்றரை. கை தேறத் தேற வட்டங்களைத் தள்ளிப் போடலாம்.

உயரமான பெண்ணை ரிங்குக்குக் கீழே நிறுத்த ஆசை வரும். எனக்கும் வந்தது. அவள் அங்கே நின்றால் அவளைத் தடுப்பவளும் அங்கேயே நிற்பாள், உள்ளே ஓடி வருபவளுக்கு வழி அடைபடும். தவிர, கீ-க்குள் (ரிங்குக்கு முன்னால் கோடு போட்ட கட்டம்) மூன்று விநாடிக்கு மேல் நிற்கக் கூடாது என்ற விதி சர்வதேச ஆட்டத்தில் தாக்கும் அணிக்கு மட்டும்தான். தடுப்பவள் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நிற்கலாம். என்.பி.ஏ.வில்தான் 2001-02 சீசனிலிருந்து, ஆளைத் தடுக்காமல் சும்மா உள்ளே நிற்பவருக்கும் மூன்று விநாடிக் கெடு வைத்திருக்கிறார்கள். மொபைலில் அதைப் பார்த்துவிட்டு வந்து பிள்ளைகள் நடுவரிடம் வாதாடும். முன்கூட்டியே சொல்லி வையுங்கள். நெட்டையான பெண்ணையும் வெளியே ஒரு வட்டத்தில் நிறுத்துங்கள். அவளைத் தடுப்பவள் பின்னாலேயே வந்துதான் ஆக வேண்டும். உள்ளே இடம் காலியாகும்.

இனி மூன்று விதிகள். என் அணியின் தாக்குதல் மொத்தமும் இவ்வளவுதான்.

பாஸ் கொடுத்தால் ரிங்கை நோக்கி ஓடு. பிள்ளைகள் பாஸ் போட்டுவிட்டு அது சரியாகப் போய்ச் சேர்கிறதா என்று பார்த்துக்கொண்டு நிற்பார்கள். கடிதத்தைப் பெட்டியில் போட்டுவிட்டுப் பக்கத்திலேயே காவல் நிற்பது மாதிரி. ஓட்டத்தையும் நேராக ஓடவிடாதீர்கள். பந்துக்கு எதிர்ப்பக்கமாக ஒரு எட்டு வைத்து, தடுப்பவள் எடை அந்தப் பக்கம் சாய்ந்ததும், அவளுக்கு முன்னால் புகுந்து ஓட வேண்டும். கை முன்னே நீண்டிருக்க வேண்டும். பாஸ் போடுபவள் குறி வைப்பது அந்தக் கையைப் பார்த்து.

பக்கத்து வட்டம் காலியானால் நகர்ந்து நிரப்பு. ஓடியவளுக்குப் பந்து வராவிட்டால் அவள் எதிர்ப்பக்க மூலைக்குப் போவாள். மற்றவர்கள் ஒவ்வொரு வட்டம் தள்ளுவார்கள். பஸ்ஸில் ஜன்னல் சீட் காலியானதும் தள்ளி உட்காருவோமே, அதுதான். இதற்கு ஒரு வாரம் போதும்.

மூன்றாவதுதான் ருசியானது. உனக்கும் பந்துக்கும் நடுவே எதிராளியின் கை தெரிந்தால், பின்பக்கமாக வெட்டு. இதை மெதுவாகச் சொல்கிறேன். விங்கில் நிற்கிறாய். உனக்கு வரும் பாஸைத் தடுக்க எதிராளி கையை நீட்டி வழியில் நிற்கிறாள். பந்தை நோக்கி ஒரு எட்டு வை. அவள் இன்னும் வெளியே வருவாள். இப்போது வெளிக்காலை அழுத்தி ஊன்றி, உள்காலால் அவள் முதுகுக்குப் பின்னால் நீளமாக ஒரு எட்டு. அவ்வளவுதான், நீ ரிங்குக்கும் அவளுக்கும் நடுவே வந்துவிட்டாய். பாஸ் தரையில் அடித்து வர வேண்டும். தலைக்கு மேல் போட்டால் உதவிக்கு வருபவள் எடுத்துவிடுவாள். முஷ்டியை மூடிக் காட்டினால் “நான் பின்னால் போகிறேன்” என்று அர்த்தம். முஷ்டியைக் காட்டிவிட்டு மனம் மாறி நின்றுவிட்டால் பந்து நேராகக் கோட்டுக்கு வெளியே போகும். அதனால் காட்டினால் போயே ஆக வேண்டும். நடுவில் யோசனை கூடாது.

இவற்றைப் பழக்க எனக்குத் தெரிந்த ஒரே வழி, பந்தைத் தரையில் தட்டிக்கொண்டு போகவே விடாத ஆட்டம். பாதிக் கோர்ட்டில் மூன்றுக்கு மூன்று அல்லது நாலுக்கு நாலு. பாஸ் மட்டும், யார் தட்டினாலும் பந்து எதிரணிக்கு. சாதாரணக் கூடைக்கு ஒரு புள்ளி, ஓடி வந்து வாங்கிப் போட்ட லே-அப்புக்கு மூன்று. முதல் இரண்டு நாள் பெரிய கலவரம். “மிஸ், தட்டாம எப்படி மிஸ் போறது?” என்று மூக்கைச் சிந்துவார்கள். பந்து வைத்திருப்பவள் சிலையாக நிற்பாள், மற்றவர்கள் அவளை நோக்கி ஓடி வந்து கை நீட்டுவார்கள், மறுபடியும் ஜமுக்காளம். நீங்கள் வாயைத் திறக்காதீர்கள். மூன்று புள்ளி ஆசையில் யாரோ ஒருத்தி எதிர்த்திசையில் ஓட ஆரம்பிப்பாள். என் அணியில் அதை முதலில் கண்டுபிடித்தது, தட்டவே சரியாக வராத ஒன்பதாம் வகுப்புக் குட்டிப்பெண். அதுவரை பெஞ்சில் தண்ணீர் பாட்டிலுக்குக் காவல் இருந்தவள்.

மூன்று வாரம் ஆனதும் ஆளுக்கு இரண்டு தட்டு அனுமதியுங்கள். கூடவே ஒரு விதி சேரும்: உன்னை நோக்கி யாராவது தட்டிக்கொண்டு வந்தால் இடத்தைக் காலி செய். விங்கில் இருந்தால் மூலைக்கு இறங்கு, மூலையில் இருந்தால் பின்னால் வெட்டு. நின்றால் உன்னைத் தடுப்பவளையும் அவள் வழியில் நிறுத்திவைக்கிறாய்.

ஸ்கிரீனை, அதாவது தோழியைத் தடுப்பவளின் வழியில் மறித்து நிற்பதை, இரண்டு மாதத்துக்குப் பிறகு தொடுங்கள். இரண்டே குறிப்பு. ஸ்கிரீன் வைப்பவள் காலை ஊன்றியபின் அசையக் கூடாது, இடுப்பை நீட்டினால் ஃபவுல். அதைப் பயன்படுத்துபவள் தோளோடு தோள் உரசிப் போக வேண்டும். நடுவே ஒரு ஆள் நுழைய இடம் இருந்தால் அது ஸ்கிரீனே இல்லை.

ஜோன் வந்தால்

எங்களைத் தோற்கடித்தது முன்னால் இரண்டு, பின்னால் மூன்று பேர் நிற்கும் ஜோன். பள்ளி ஆட்டங்களில் அதிகம் பார்ப்பதும் இதைத்தான். இதற்கு எதிராகப் பிள்ளைகள் செய்யும் தப்பு, வெளியிலேயே தட்டிக்கொண்டு திரிவது. ஜோனில் இருப்பவர்கள் நிற்பது ஆளுக்காக இல்லை, இடத்துக்காக. எனவே நாம் நிற்க வேண்டியது இரண்டு பேருக்கு நடுவே, “இவள் உன்னுடையவளா என்னுடையவளா” என்று அவர்கள் முழிக்கும் இடத்தில்.

உச்சியில் நிற்பவளைக் கொஞ்சம் தள்ளிவிட்டு, ஒருத்தியை ஃப்ரீ த்ரோ கோட்டின் (ஃபவுலுக்குப் பிறகு யாரும் தடுக்காமல் ஷாட் போடும் கோடு) நடுவில் நிறுத்துங்கள். உயரத்தைவிட அங்கே நிதானம் முக்கியம். பந்து வந்ததும் திரும்பிப் பார்க்கத் தெரிந்தவளாக இருக்க வேண்டும். இன்னொருத்தி அடிக்கோட்டை ஒட்டி, ஜோனின் முதுகுக்குப் பின்னால். நடுவில் பந்து விழுந்த உடனே, பின்வரிசை நடுப்பெண் முன்னால் வர வேண்டும். வந்தால் அடிக்கோட்டுக்காரி தனியாக நிற்கிறாள். வராவிட்டால் அங்கிருந்தே ஷாட். பந்து விங்கில் இருக்கும்போது மூலைக்குப் பாஸ் போடுவதுபோல் பாசாங்கு செய்துவிட்டு நடுவுக்குப் போடப் பழக்குங்கள். ஜோன் முழுக்கவும் கண்ணால் நகர்கிற அமைப்பு, பாசாங்குக்குச் சீக்கிரம் ஏமாறும். எல்லாவற்றையும்விட எளிது, ஜோன் அமைவதற்குள் ஓடிவிடுவது. கூடையில் விழாமல் திரும்பும் பந்தை (ரீபவுண்ட்) எடுத்த கையோடு பக்கவாட்டில் ஒரு பாஸ், அடுத்தது முன்னால். எதிராளிகள் ஐந்து பேரும் வந்து சேர்வதற்குள் வேலை முடிந்திருக்கும்.

தடுப்பு: இரண்டு கையாலும் காட்டு

ஒரு ரிங்கிலிருந்து எதிர் ரிங் வரை கோர்ட்டின் நடுவே நேர்கோடு ஒன்று இழுங்கள். பந்து வலப்பக்க விங்கில் இருந்தால், இடது மூலையில் இருக்கும் எதிராளியைத் தடுப்பவள் அந்தக் கோட்டில் ஒரு காலாவது வைத்திருக்க வேண்டும். தன் ஆளைவிட்டு அவ்வளவு தள்ளி. “மிஸ், என் ஆள் தனியா நிக்கிறாளே” என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி, வாயால் பதில் சொல்லிப் புரியவைக்க முடியாது. அணியிலேயே வேகமாகப் பாஸ் போடுபவளை அழைத்து, விங்கிலிருந்து எதிர் மூலைக்குப் போடச் சொல்லுங்கள். தடுப்பவள் நடுக்கோட்டிலிருந்து ஓடட்டும். பந்து காற்றில் வந்து சேர்வதற்கும் அவள் போய்ச் சேர்வதற்கும் சரியாக இருக்கும். பத்து முறை செய்யவைத்தால் பயம் போய்விடும். அதன் பிறகு அவள் நடுக்கோட்டில் நிம்மதியாக நின்று, வலப்பக்கத்திலிருந்து யார் உள்ளே நுழைந்தாலும் வழியை மறிப்பாள்.

இதற்கான பயிற்சியை நாங்கள் ‘சதுரம்’ என்கிறோம். ஷெல் டிரில் என்பது ஊர் அறிந்த பெயர். வெளியே நாலு பேர், அவர்களைத் தடுக்க நாலு பேர். முதலில் ஷாட் கிடையாது, தட்டுவது கிடையாது. பந்து வாங்கியவள் இரண்டு எண்ணும் வரை வைத்திருந்து அடுத்தவளுக்குக் கொடுப்பாள். பந்து காற்றில் இருக்கும்போதே தடுக்கும் நாலு பேரும் நகர்ந்துவிட வேண்டும். பந்து கையில் போய் விழுந்த பிறகு நகர்ந்தால் அரை விநாடி தாமதம். நல்ல ஆட்டக்காரிக்கு அது போதும், உள்ளே போய்விடுவாள்.

நடுவே விசில் ஊதி “சிலை!” என்பேன். எல்லோரும் அப்படியே நிற்க வேண்டும். பந்தைத் தடுப்பவளைத் தவிர மற்ற மூவரும் ஒரு கையால் பந்தையும் மறு கையால் தன் ஆளையும் சுட்டிக் காட்ட வேண்டும், தலையைத் திருப்பாமல். திருப்பித்தான் காட்ட முடிகிறது என்றால் நிற்கும் இடம் தப்பு. ஓர் எட்டு பின்னால் வந்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். எந்த விளக்கத்தையும்விட இந்தச் சிலை விளையாட்டு வேகமாக வேலை செய்தது. ஆறாம் வகுப்புக் குழந்தைகள்கூட இடைவேளையில் விளையாட ஆரம்பித்துவிட்டார்கள்.

அடுத்த கட்டத்தில் ஒருத்தியைத் தட்டிக்கொண்டு உள்ளே போகவிடுங்கள். பக்கத்தில் இருப்பவள் உதவிக்கு வருவாள். உதவிக்கு வந்தவளின் ஆளை யார் பார்ப்பது? அவளுக்குக் கீழே இருப்பவள். அவளுடைய ஆளை? நடுக்கோட்டில் நிற்பவள். இந்தச் சங்கிலி அறுந்தால்தான் கூடை விழுகிறது. பிள்ளைகளோ கடைசியாகக் கூடை போட்டவளைத் தடுத்தவள்மேல் பழி போடுவார்கள். முதலில் யார் தாண்டவிட்டது என்று பின்னோக்கிக் கேட்டுப் பழக்குங்கள்.

பேச்சு இல்லாமல் இது நடக்காது. “பந்து”, “உதவி”, “ஸ்கிரீன் வலது” என்று கத்த வேண்டும். சத்தம் போடாதே, மெதுவாகப் பேசு என்று பதினைந்து வருடமாகச் சொல்லி வளர்க்கப்பட்ட பெண் பிள்ளைகள். முதல் மாதம் அவர்கள் கத்துவது எனக்கே கேட்காது. தண்டனையாக ஓடவிட்டுப் பார்த்தேன், இன்னும் ஊமையானார்கள். இப்போது ஒரே ஒரு விதி. மூன்று முறை தொடர்ந்து தடுத்தால் இடம் மாறித் தாக்க வரலாம். பேசாமல் தடுத்தது கணக்கில் வராது. தாக்கப் போகும் ஆசையில் தொண்டை தானாகத் திறந்தது.

பந்தைத் தடுப்பவளுக்குச் சில வார்த்தைகள். தூரம் ஒரு கை நீளம். ஓரக்கோட்டுப் பக்கம் தள்ளு, நடுவே விடாதே. பந்து வாங்கியவளை நோக்கி ஓடும்போது, முக்கால் தூரம் வேகமாக ஓடி, கடைசியில் சின்னச் சின்ன எட்டாகக் காலைப் போட்டு, ஒரு கையை உயர்த்தி நிற்க வேண்டும். முழு வேகத்தில் பாய்ந்தால் அவள் ஓரமாகக் கடந்துவிடுவாள். பந்தைப் பறிக்கக் கையை மேலிருந்து அடிக்காதே. ஒரு கால்பகுதியில் அணிக்கு நாலு ஃபவுல் ஆகிவிட்டால், ஐந்தாவதிலிருந்து எதிரணிக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ; அதனால் பெஞ்சில் ஒருத்தி எண்ணிக்கையை விரலில் காட்டிக்கொண்டே இருப்பாள். ஐந்தாவது சொந்த ஃபவுலில் ஆட்டக்காரி வெளியே, அதையும் அவளே சொல்வாள்.

ஷாட் போனதும் பந்தைப் பார்க்காதே, உன் ஆளைத் தேடி முதுகால் மறி, பிறகு பந்து. இது எல்லோருக்கும் தெரியும், யாரும் செய்வதில்லை. பயிற்சியில் பந்து தரையில் ஒரு முறை விழுந்த பிறகுதான் எடுக்கலாம் என்று விதி வைத்தால், மறித்தவள் யார் என்பது கண்ணுக்கே தெரியும்.

நாமும் ஜோன் போடலாமே என்று கேட்பீர்கள். கோப்பை வேண்டுமென்றால் போடலாம். இந்த வயதில் தூரத்திலிருந்து கூடை போடுபவர்கள் குறைவு, உள்ளே அடைத்து நின்றால் ஜெயித்துவிடலாம். ஆனால் அப்படி ஜெயித்த அணியிலிருந்து கல்லூரித் தேர்வுக்குப் போன பெண்கள் ஒரு ஆளைத் தனியாகத் தடுக்கத் தெரியாமல் திரும்பி வந்ததைப் பார்த்திருக்கிறேன். 17 வயது வரை ஆளுக்கு ஆள்தான் என்பது என் கட்சி. முக்கியமான ஒருத்தி நாலு ஃபவுலில் இருந்தால் மட்டும் ஐந்து நிமிடத்துக்கு ஜோனுக்கு மாறுவேன்.

தடுப்பில் ஆர்வம் குறையும்போது ஒரு ஸ்கோரைச் சொல்வேன். 2014-இல் சீனாவின் வூஹானில் நடந்த ஆசியக் கோப்பையில் இந்திய ஆண்கள் அணி சீனாவை 65-58 என்று வென்றது. 65 நமக்கும் வரும் ஒரு நாள். அவர்கள் ஊரில், அவர்கள் ரசிகர்கள் முன்னால், சீனாவை 58-இல் நிறுத்தியதுதான் சேதி.

ஆட்ட நாளும் மழை நாளும்

சர்வதேச விதியில் முதல் பாதியில் இரண்டு டைம்-அவுட், இரண்டாம் பாதியில் மூன்று, ஒவ்வொன்றும் ஒரு நிமிடம். அதில் தண்ணீர் குடிக்க இருபது விநாடி போகும். ஒரே ஒரு விஷயம் சொல்லுங்கள். என்னிடம் போர்டு கிடையாது. ஒரு பரீட்சை அட்டை, ஐந்து புளியங்கொட்டை, ஐந்து சட்டைப் பொத்தான். கொட்டை நாங்கள். “எங்கே நிற்கிறோம்? எங்கே நிற்கணும்?” என்று கேட்டு, அட்டையைப் பிள்ளைகளிடமே கொடுத்துவிடுவேன். களத்தில் பார்த்தது அவர்கள்தானே. பாதி நேரம் நான் நினைத்திருந்ததைவிடச் சரியான இடத்தில் கொட்டையை வைப்பார்கள்.

கோடையில் பெரியகுளத்தில் நடக்கும் அகில இந்தியப் போட்டிக்கு ஒரு நாள் வேன் வைத்துப் போவோம். ஆளுக்கு ஒரு ஜெர்ஸி எண்ணைக் கொடுத்துவிடுவேன்: ஒரு கால்பகுதி முழுக்க அவரை மட்டும் பார், பந்தைப் பார்க்கக் கூடாது. கூடை விழுந்து கூட்டம் கத்தும்போதும்தான். திரும்பும் வழியில் வேனில் கேட்பேன், அவர் எத்தனை முறை சும்மா நின்றார் என்று. “நிக்கவே இல்ல மிஸ்” என்றது ஒன்று. “நடந்தாரு, ஆனா நிக்கல.”

ஐப்பசியில் கோர்ட் காயவே காயாது. ஈரச் சிமெண்டில் ஓடவிட்டு ஒரு கணுக்கால் வீங்கிய பிறகு நான் ரிஸ்க் எடுப்பதில்லை. வராந்தாவில் ஐந்து செருப்பைப் போட்டு வட்டமாக்கி, பந்துக்குப் பதில் ஒரு டஸ்டரைக் கை மாற்றி, நடையிலேயே வெட்டவும் நிரப்பவும் வைக்கிறேன். தூணைச் சுற்றி ஸ்கிரீன். பக்கத்து வகுப்பில் பாடம் நடப்பதால் அன்றைக்கு மட்டும் “உதவி” என்று கிசுகிசுப்பாகச் சொல்லலாம்.